“பதினேழு நடக்கிறது”: பிரிட்டனில் தனியாகத் தஞ்சம் கேட்கும் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

வணக்கம் சகோதரி. மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக, நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். உங்கள் தங்கையின் மகன் முல்லைத்தீவிலிருந்து தனியாகப் புறப்பட்டு, சிறு படகில் டோவருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. “அவனுக்குப் பதினேழு நடக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். கரையிறங்கிய மறுநாளே அதிகாரிகள் அவனுக்கு 22 வயது என்று பதிந்து, லண்டனிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் பெரியவர்கள் தங்கும் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறை. “தனியாக வரும் பிள்ளைகளுக்கு இங்கே சட்டத்தில் என்ன பாதுகாப்பு உண்டு? நான் போய் அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாமா?” என்று கேட்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகள்போல் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இந்த நாடு அவனைப் பிள்ளை என்று ஏற்கிறதா, இல்லையா? ஏற்றுக்கொண்டால் நீங்கள் கேட்கும் பாதுகாப்புகள் பெரும்பாலும் அவனுக்குத் தாமாகவே வந்து சேரும். ஏற்காதவரை அவற்றில் ஒன்றுகூட அந்த ஹோட்டல் அறைக்குள் நுழையாது.

நான் வழக்கறிஞர் அல்ல. 12 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பிறகு படித்துப் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றம்) பிள்ளைகள் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். தனியாக வந்த பிள்ளைகளின் பராமரிப்பும் வயது மதிப்பீடும் என் அன்றாட வேலை. அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். அவனுடைய தஞ்சக் கோரிக்கை வெல்லுமா என்பதை அவன் கதையை முழுமையாகக் கேட்ட சொலிசிட்டர்தான் சொல்ல வேண்டும். நான் எழுதுவது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தனியாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சுயாதீனமான ஒரு காப்பாளரை நியமிக்கச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த ஏற்பாடு ஆள்கடத்தலுக்கு ஆளான பிள்ளைகளுக்கு மட்டும்தான். இது பெரிய குறை என்று இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டிலிருந்து சொல்லி வருகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய பிள்ளைகள் உரிமை உடன்படிக்கையின் 22-ஆவது பிரிவு, தஞ்சம் கேட்கும் பிள்ளை தனியாக வந்தாலும் பெற்றோருடன் வந்தாலும் உரிய பாதுகாப்பும் உதவியும் பெற வேண்டும் என்கிறது. பிரிட்டன் இதை 1991-இல் ஏற்றபோது, குடிவரவு விஷயங்களுக்கு இது கட்டுப்படுத்தாது என்று ஒரு விலக்கு வைத்துக்கொண்டது. 2008-இல்தான் அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே, 2009-ஆம் ஆண்டின் எல்லை, குடியுரிமை மற்றும் குடிவரவுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, ஹோம் ஆபிஸ் (குடிவரவைக் கவனிக்கும் உள்துறை அமைச்சு) தன் ஒவ்வொரு வேலையிலும் பிள்ளைகளின் நலனைப் பேண வேண்டும் என்று கடமையாக்கியது. இவற்றையெல்லாம்விட உங்கள் தங்கை மகனுக்கு நேரடியாகப் பயன்படுவது 1989-ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. தன் எல்லைக்குள் கவனிக்க ஆளில்லாமல் நிற்கும் பிள்ளைக்குக் கவுன்சில் தங்குமிடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை, எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

அந்தப் பிரிவின் கீழ் வந்துவிட்டால், இந்த நாட்டில் பெற்றோரை இழந்த ஓர் ஆங்கிலேயப் பிள்ளைக்கு என்ன கிடைக்குமோ அதுவே இவனுக்கும். அவன் பெயருக்கு ஒரு சமூகப் பணியாளர் இருப்பார். புதிய இடத்தில் சேர்த்த ஒரு வாரத்துக்குள் அவர் நேரில் வந்து பார்க்க வேண்டும், பிறகு முதல் ஆண்டு முழுவதும் குறைந்தது ஆறு வாரத்துக்கு ஒரு முறை. பராமரிப்புத் திட்டத்தைச் சரிபார்க்கக் கவுன்சிலின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகி நிற்கும் ஓர் அலுவலர் உண்டு. முதல் பரிசீலனைக் கூட்டம் 20 வேலை நாட்களுக்குள் நடக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் அதற்குள் முடிய வேண்டும். பள்ளியிலோ கல்லூரியிலோ இடம் பார்த்துக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. 16 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கமாக வளர்ப்புக் குடும்பத்தில் வைப்பார்கள். 16, 17 வயதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் பணியாளர் வந்துபோகும் பகிர்வு வீடுகளில் வைக்கிறார்கள். 2023 அக்டோபர் வரை அத்தகைய வீடுகளுக்கு ஒழுங்கான மேற்பார்வை இல்லாமல் இருந்தது. இப்போது அவற்றை நடத்துபவர்கள், பள்ளிகளையும் பிள்ளைகள் சேவைகளையும் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெடில் பதிவு செய்ய வேண்டும்.

சட்டத்தில் எழுதியிருப்பது இவ்வளவு. நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு சமையலறையைச் சொல்கிறேன். பகிர்வு வீட்டில் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையன் மூன்று நாள் பிஸ்கட்டும் தண்ணீருமாக இருந்தான். குளிர்ப்பெட்டி நிறைய உணவு இருந்தது. அடுப்பு மூட்டத் தெரியாது, வீட்டில் அம்மாதான் எல்லாம். யாரிடமும் கேட்கவும் கூச்சம். நான் ஒரு கிலோ அரிசியும் பருப்பும் வாங்கிப்போய், எந்த விரல் கணு வரை தண்ணீர் வைக்க வேண்டும் என்று காட்டினேன். தட்டில் போட்ட சோற்றை அவன் பிசைந்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “சுயமாக வாழும் திறன்: நல்ல நிலை” என்று அவன் கோப்பில் அதற்கு முன்பே யாரோ எழுதியிருந்தார்கள். பரிசீலனைக் கூட்டங்களும் ஆறு வாரச் சந்திப்புகளும் இதற்காகத்தான் வேண்டும். தாளில் எழுதியதற்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு மனிதர் போய்ப் பார்க்க வேண்டும்.

யாரும் போய்ப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் இந்த நாடு கண்டதுதான். 2021 ஜூலை முதல் ஹோம் ஆபிஸ் தனியாக வந்த பிள்ளைகளைக் கவுன்சில்களிடம் ஒப்படைக்காமல் நேரடியாக ஹோட்டல்களில் வைத்தது. டோவர் அடங்கிய கென்ட் கவுன்சில் தன்னால் இனிமேல் ஏற்க இயலாது என்று கைவிரித்ததுதான் தொடக்கம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த ஹோட்டல்கள் வழியாகப் போனார்கள். 400-க்கும் மேற்பட்ட முறை பிள்ளைகள் காணாமற்போனதாகப் பதிவாயிற்று, பலர் திரும்பக் கிடைக்கவே இல்லை. 2023 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம், பிள்ளைகளை வழக்கமாகவே ஹோட்டல்களில் வைத்தது சட்டவிரோதம் என்றும், கென்ட் கவுன்சில் தன் கடமையிலிருந்து தவறியது என்றும் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்த ஹோட்டல்கள் மூடப்பட்டன. கென்டில் இறங்கும் பிள்ளைகளை நாடு முழுவதும் உள்ள கவுன்சில்கள் பகிர்ந்துகொள்ளும் திட்டம் கட்டாயமாக நடக்கிறது. ஆனால் பெரியவர் என்று எழுதப்பட்ட பிள்ளை இன்றும் பெரியவர்களின் ஹோட்டலில்தான் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அவனைத் தொடவில்லை, ஏனென்றால் காகிதத்தில் அவன் பிள்ளை இல்லை.

இனி வயதுக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் உடனே இறங்க வேண்டும். ஒருவர் தனக்கு 18 ஆகவில்லை என்று சொல்லி, கையில் ஆவணம் இல்லையென்றால், ஹோம் ஆபிஸ் அதிகாரிகள் இருவர் அவரைப் பார்த்து, தோற்றமும் நடத்தையும் 18-ஐ மிகவும் தாண்டியவர் என்பதை மிக வலுவாகக் காட்டினால் மட்டுமே பெரியவராக நடத்தலாம். இருவரில் ஒருவராவது தலைமைக் குடிவரவு அதிகாரி நிலையில் இருக்க வேண்டும். அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. சந்தேகம் இருந்தால் பிள்ளையாகவே நடத்தி, முழு மதிப்பீட்டுக்குக் கவுன்சிலிடம் அனுப்ப வேண்டும். படகில் நனைந்து, உறக்கமின்றி, பல மாதம் காட்டிலும் லாரியிலும் அலைந்து வந்த பையனின் முகத்தை விடியற்காலையில் பார்த்து எடுக்கும் முடிவு இது. எவ்வளவு தவறு நேர்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெரியவர்கள் என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர்களில் 800-க்கும் மேற்பட்டோர் பிள்ளைகளே என்று 2022-ஆம் ஆண்டில் மட்டும் கவுன்சில்கள் கண்டறிந்தன. அதாவது அதிகாரியின் முடிவு கடைசி முடிவு ஆகாது.

கவுன்சில் செய்ய வேண்டிய மதிப்பீட்டுக்கு நீதிமன்றங்கள் வகுத்த ஒழுங்கு உண்டு. 2003-இல் மெர்ட்டன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் அது தொடங்கியதால் இத்தொழிலில் இருப்பவர்கள் அதை “மெர்ட்டன் மதிப்பீடு” என்றே சொல்வார்கள். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் இருவர், அவன் மொழி பேசும் மொழிபெயர்ப்பாளர், அவன் பக்கம் உட்கார ஒரு சுயாதீனமான பெரியவர், இவர்கள் இருக்க வேண்டும். தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பிள்ளையா பெரியவரா என்பது பார்த்ததும் ஐயமின்றித் தெரியும் நிலை மட்டும் விலக்கு. குடும்பம், பள்ளி, பயணம் என்று கதையைக் கேட்டு, முரண் தெரிந்தால் அதை அவனிடமே எடுத்துச் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். ஐயம் மிஞ்சினால் அது அவனுக்குச் சாதகமாகப் போக வேண்டும். 2009-இல் குரோய்டன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. ஒருவர் பிள்ளையா என்ற கேள்விக்குச் சரி, தவறு என்று விடை உண்டு, ஆகவே கடைசியில் அதை நீதிமன்றமே தீர்மானிக்கலாம் என்று நீதிபதி ஹேல் எழுதினார். கவுன்சிலும் தவறு செய்தால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பது இதன் பொருள்.

இங்கே உங்கள் கேள்வியின் முதல் வரிக்குத் திரும்புகிறேன். “பதினேழு நடக்கிறது.” தமிழில் இதைக் கேட்டால் நமக்கு உடனே விளங்கும்: பதினாறு முடிந்து பதினேழாவது ஆண்டு ஓடுகிறது, ஆங்கிலக் கணக்கில் அவனுக்கு வயது 16. ஆங்கிலத்தில் வயதைப் பொதுவாக இப்படிச் சொல்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனோடு தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பையன், “எனக்குப் பதினெட்டு நடக்கிறது” என்றான். ஒலிபெருக்கியில் அடுத்த நொடியே ஆங்கிலம் வந்தது: எனக்கு 18 வயது. தமிழும் ஆங்கிலமும் இரண்டும் என் காதில் விழுந்ததால் நிறுத்தித் திருத்த முடிந்தது. ஆனால் அவனுடைய முதல் நேர்காணல் தாளை எடுத்துப் பார்த்தால் அங்கும் அதே பிழை. அந்த அறையில் தமிழ் தெரிந்த இன்னொரு காது இருக்கவில்லை. அவன் எட்டு மாதம் பெரியவனாக வாழ்ந்திருந்தான். மொழிபெயர்ப்பாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அந்த நாற்காலியில் இருந்தவள். களைத்த குரல், மோசமான இணைப்பு, ஒரு வினைச்சொல். ஆகவே வயதைக் கேட்டால் “எத்தனை நடக்கிறது” என்று அவன் சொல்லவே வேண்டாம். பிறந்த நாள், மாதம், ஆண்டு, அதை மட்டும் சொல்லட்டும்.

உறவுமுறைச் சொற்களும் இப்படித்தான் கவிழ்க்கும். சித்தப்பா மகனை நாம் “அண்ணா” என்கிறோம், அது உடன்பிறந்த அண்ணன் என்றே எழுதப்படும். அடுத்த நேர்காணலில் “எனக்கு அண்ணன் இல்லை” என்பான். உடனே முரண். பெரியம்மாவை வெறும் “அம்மா” என்று கூப்பிடும் வீடுகளும் உண்டு. உங்களை அவன் எப்படிக் கூப்பிடுவான் என்று தெரியாது. “லண்டனில் அம்மா இருக்கிறார்” என்று எங்காவது சொல்லியிருந்தால், அது என்ன எழுத்தாக மாறியிருக்கிறது என்று சொலிசிட்டர் முதலிலேயே பார்க்க வேண்டும். பயண ஏஜென்ட் கொடுத்த கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்ததா என்றும் அவனிடம் கேளுங்கள். அந்தப் போலித் தேதி ஏதாவது ஒரு நாட்டின் பதிவில் ஏறியிருந்தால் அது இங்கேயும் வந்து நிற்கும். மறைத்தால் அவன் சொல்வது முழுவதும் பொய் என்றாகும். ஏஜென்ட் கொடுத்தான், தேதி பொய் என்று அவனே முதலில் சொல்வதுதான் நல்லது.

உறுதியில்லாத பகுதிகளையும் சொல்ல வேண்டும். பல்லையும் எலும்பையும் படம் எடுத்து வயதைக் கண்டுபிடிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2022-ஆம் ஆண்டின் குடியுரிமை மற்றும் எல்லைச் சட்டம் அதற்கு வழி திறந்தது. ஞானப்பல், மணிக்கட்டு ஆகியவற்றின் எக்ஸ்ரே, முழங்கால், காறை எலும்பு ஆகியவற்றின் எம்.ஆர்.ஐ. என்று 2024-இல் விதிகளில் பெயர் குறிப்பிட்டார்கள். தக்க காரணமின்றி மறுப்பவரின் நம்பகத்தன்மையைக் குறைத்து மதிப்பிடவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அரசு அமைத்த அறிவியல் குழுவே 2023-இல் தெளிவாகச் சொன்னது: இந்த முறைகள் ஒருவரின் வயதைச் சொல்லா, அவர் சொல்லும் வயது சாத்தியமானதா என்று மட்டும் ஓரளவு காட்டும். ஒரே வயதுப் பிள்ளைகளின் எலும்புகள் முதிர்வதில் ஆண்டுக் கணக்கில் வேறுபாடு உண்டு. முகத்தைப் படம் பிடித்துக் கணினியே வயதைக் கணிக்கும் முறையைச் சோதிப்பதாக 2025-இல் அரசு அறிவித்தது. வெயிலிலும் பசியிலும் வளர்ந்த முகங்களை அந்தக் கணினி எப்படிப் படிக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. இது என் கருத்துதான். அப்படி ஏதாவது பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்டால், சொலிசிட்டரிடம் பேசாமல் அவன் ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஹோட்டல் எந்தக் கவுன்சிலின் எல்லையில் இருக்கிறதோ அந்தக் கவுன்சிலின் பிள்ளைகள் சேவைப் பிரிவுக்கு நாளை காலையிலேயே தொலைபேசியில் சொல்லுங்கள், அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். உங்கள் கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை, பிள்ளை இருக்கும் இடம்தான் கணக்கு. “16 வயதுப் பிள்ளை பெரியவர்களோடு அறையில் இருக்கிறான், உடனே பாதுகாப்பான இடம் வேண்டும், வயதை நீங்கள் தனியாக மதிப்பிட வேண்டும்” என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ஹோம் ஆபிஸ் முடிவு செய்துவிட்டதே என்று தட்டிக்கழித்தால், அந்த முடிவைக் கவுன்சில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது என்று சொல்லுங்கள். ரெஃப்யூஜி கவுன்சில், கோரம் பிள்ளைகள் சட்ட மையம் போன்ற தொண்டு அமைப்புகளுக்கு இத்தகைய தகராறுகளில் நல்ல அனுபவம் உண்டு. கூடவே, இலவசச் சட்ட உதவியின் கீழ் வேலை செய்யும் சொலிசிட்டர் ஒருவரைப் பிடியுங்கள். குடிவரவு சொலிசிட்டர் என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் வயது வழக்கு எடுப்பதில்லை. கவுன்சில்களுக்கு எதிராக நீதிப்புனராய்வு வழக்கு (ஓர் அமைப்பின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் வழக்கு) தொடுப்பவரா என்று கேட்டு அறியுங்கள். அந்த வழக்கைத் தாமதமின்றித் தொடுக்க வேண்டும், முடிவு வந்து மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து வாரம் போய்விட்டது. வழக்கு முடியும்வரை அவனைப் பிள்ளையாக வைத்திருக்கும்படி இடைக்கால உத்தரவும் கேட்கலாம். பல சமயம் சொலிசிட்டரின் முதல் கடிதம் போனதுமே கவுன்சில் இறங்கி வந்துவிடும்.

ஆவணங்களை உங்கள் தங்கையிடம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், குழந்தைக்கால கிளினிக் அட்டை, பள்ளி முன்னேற்ற அறிக்கைகள், அடையாள அட்டை எடுத்திருந்தால் அதன் படம். அந்த அட்டையின் எண்ணிலேயே பிறந்த ஆண்டு இருக்கிறது. சாதகக் குறிப்பு இருந்தால் அதையும் சேருங்கள். நான் வேலை செய்த மதிப்பீடுகளில் ஓரம் செல்லரித்த சாதக ஓலையும் நோட்டுப் புத்தகமும் மற்ற சான்றுகளுக்குத் துணை நின்றிருக்கின்றன. எதையும் புதிதாகச் செய்யவோ திருத்தவோ வேண்டாம். ஓர் ஆவணம் பொய் என்று தெரிந்தால் மற்றவை உண்மையாக இருந்தும் உதவா. நகல் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால் மகன் எங்கே என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை. இங்கே தஞ்சம் கேட்டிருப்பதை பிரிட்டன் அதிகாரிகளும் இலங்கை அரசுக்குத் தெரிவிக்கக் கூடாது.

ஆவணத்தைவிடக் கனமானது அவன் சொல்லும் வாழ்க்கைக் கணக்கு. பிள்ளைகள் ஆண்டுகளை நினைவில் வைப்பதில்லை, வகுப்புகளை வைத்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினானா, எந்த ஆண்டு? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளி மூடியபோது எந்த வகுப்பில் இருந்தான்? 2022-இல் பெட்ரோலுக்கு வரிசை நின்ற மாதங்களில் எந்த ஆசிரியர்? இவற்றை நீங்களும் தங்கையும் உங்கள் நினைவிலிருந்து எழுதி சொலிசிட்டரிடம் கொடுங்கள். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒப்பித்த விடை ஒலிக்கும் விதமே வேறு, மதிப்பீட்டு அறையில் அது தெரிந்துவிடும். அவனுக்கு நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லட்டும்.

அடுத்து, அவனை வீட்டுக்குக் கூட்டிவருவது. உங்கள் மனம் எனக்குப் புரிகிறது, ஆனால் சற்றுப் பொறுங்கள் என்றே சொல்வேன். பிள்ளைகள் சட்டத்தின்படி தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், மாமா, அத்தை, சித்தி, பெரியம்மா போன்றோர் உறவினர். ஒன்றுவிட்ட அண்ணன், அக்காள் அதில் வருவதில்லை. நீங்கள் தாயின் உடன்பிறந்த அக்காள், ஆகவே தகுதி உண்டு. சிக்கல் வேறு இடத்தில். கவுன்சில் அவனை ஏற்கும் முன்பே நீங்கள் அழைத்து வந்துவிட்டால், “இது குடும்பத்தின் சொந்த ஏற்பாடு, எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று கவுன்சில் ஒதுங்கிக்கொள்ள வழி கிடைக்கிறது. அதன் விலை அவனுக்கு 18 ஆகும்போது தெரியும். 16-ஐத் தாண்டிய காலத்தையும் சேர்த்து மொத்தம் 13 வாரமாவது கவுன்சிலின் பராமரிப்பில் இருந்த பிள்ளைக்குத்தான் அதன் பிறகும் தனி ஆலோசகர், வீட்டு உதவி, படிப்பு உதவி என்று 21 வயது வரையும் 25 வரையும் ஆதரவு தொடரும். நாலு மாதம் வீட்டில் வைத்திருந்த பாசத்தில் இதை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: கவுன்சில் முதலில் அவனை 20-ஆவது பிரிவின் கீழ் ஏற்கட்டும். உறவினர் பராமரிப்பாளராக என்னை மதிப்பிடுங்கள் என்று நீங்கள் எழுத்தில் கேளுங்கள். அவசரம் என்றால் முழு மதிப்பீட்டுக்கு முன்பே தற்காலிகமாக உங்களிடம் வைக்க விதிகளில் இடம் இருக்கிறது. வீட்டைப் பார்ப்பார்கள், வீட்டிலுள்ள பெரியவர்களின் போலீஸ் பதிவைச் சரிபார்ப்பார்கள். இது உங்கள் மீதான சந்தேகம் இல்லை. பெரியம்மா, மாமா என்று சொல்லிக்கொண்டு வந்து பிள்ளைகளைக் கூட்டிச் சென்று வேலைக்கு விற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். அதுவரை வார இறுதியில் போய்ப் பாருங்கள்.

தஞ்சக் கோரிக்கையைப் பற்றிச் சுருக்கமாக. பிள்ளை என்று ஏற்கப்பட்டால் நேர்காணலில் ஹோம் ஆபிஸைச் சாராத பொறுப்பான பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அவன் சொல்வதை அவன் வயதையும் முதிர்ச்சியையும் வைத்து எடைபோட வேண்டும். சாதாரணமாக அவனைத் தடுப்பு முகாமில் அடைக்க முடியாது. 2025-இல் பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தின்படி படகில் வந்த பெரியவர்களில் சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள், தனியாக வந்த பிள்ளைகளை அல்ல. அந்த ஹோட்டலில் அவன் 22 வயதுக்காரனாகக் கழிக்கும் ஒவ்வொரு நாளையும் நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம். அகதி என்று ஏற்க மறுத்தாலும், ஊரில் அவனை ஏற்றுப் பராமரிக்கப் போதிய ஏற்பாடு இல்லாவிட்டால் திருப்பி அனுப்பாமல், பதினேழரை வயது வரை தங்க அனுமதி தரும் விதி உண்டு. அம்மா ஊரில் இருக்கிறார் என்பது இதில் அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். அதற்காக அம்மாவை மறைக்க வேண்டாம், அவர் ஏன் அவனைப் பாதுகாக்க முடியாது என்பதைச் சொலிசிட்டர் சொல்லட்டும். மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 14 நாட்கள்தான். இன்னொன்றையும் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: அகதி என்று ஏற்கப்பட்ட பிள்ளை தன் பெற்றோரை வரவழைக்க பிரிட்டனின் குடும்ப இணைப்பு விதிகளில் இடமில்லை. அண்டை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருக்கிறது, இங்கே இல்லை. அந்த நம்பிக்கையில் யாரும் அவர்களிடம் பணம் கறந்துவிடக் கூடாது.

உங்கள் பதிவில் பையனின் முழுப் பெயரும் ஹோட்டலின் பெயரும் இருக்கின்றன. தயவுசெய்து இப்போதே நீக்கிவிடுங்கள். தனியாக நிற்கும் பிள்ளைகளைத் தேடுபவர்கள் நம் மொழியிலும் படிக்கிறார்கள்.

இன்று இரவு அவனோடு பேசும்போது மூன்றைச் சொல்லுங்கள். முதல் நாள் கொடுத்த எல்லாத் தாள்களையும், புரியாதவற்றையும் சேர்த்து, இரு பக்கமும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அவனுடைய வயது முடிவு அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. வேலை தருகிறேன், வேறு ஊருக்கு வா என்று யார் அழைத்தாலும் ஹோட்டலை விட்டுப் போக வேண்டாம். அறையில் இருப்பவரால் பயமாக இருந்தால் வரவேற்பறையில் போய் “பதினாறு வயது, பயமாக இருக்கிறது” என்று சொல்லட்டும். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தொலைபேசியிலேயே கற்றுக்கொடுங்கள், இரண்டு முறை திருப்பிச் சொல்லவையுங்கள். பதினாறு என்றே சொல்லட்டும், பதினேழு நடக்கிறது என்று அல்ல.